புரத வடிவமைப்பு ஆய்வகத்தில் சேர ஆசையா? முதலில் அங்கே இருக்கும் ஆட்களைப் படியுங்கள்

2024 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, கணினியில் புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக, சியாட்டிலில் இருக்கும் டேவிட் பேக்கருக்குக் கிடைத்தது. மறு பாதியை, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்காக டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்பரும் பகிர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து பயோடெக், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "பேக்கர் லேபில் சேர என்ன செய்யணும்?" என்பதுதான். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார், ஆய்வகத்திலோ நிறைய பேர் இருக்கிறார்கள், நீங்கள் தினமும் பார்க்கப்போவதும் பேசப்போவதும் அவர்களைத்தான். யார் உங்களுக்குக் கைப்பிடித்துக் கற்றுத்தருவார், யாருக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது, யாருடைய வேலை உங்கள் படிப்போடு ஒட்டும் என்பதெல்லாம் தலைவரின் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது சியாட்டிலையே: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல் தொடங்கிய புரத வடிவமைப்பு நிறுவனமும், அதற்கு முன்பிருந்தே அங்கே நடந்துவரும் பேக்கரின் ஆய்வகமும். முறை ஒன்றுதான், ஜெர்மனியோ கொரியாவோ பெங்களூரோ எந்த ஆய்வகத்துக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

ஒரு பழைய பேப்பரை எடுங்கள்

தலைவரின் பேட்டிகள், உரைகள் எல்லாம் அப்புறம். அந்த ஆய்வகத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்து, உள்ளே போகும் முன் ஆசிரியர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

பேக்கர் குழுவில் அப்படிப்பட்ட கட்டுரை டாப்7. 2003இல் சயன்ஸ் இதழில் வந்தது. இயற்கையில் அதுவரை யாரும் பார்த்திராத மடிப்பு கொண்ட, 93 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு புரதத்தைக் கணினியில் வரைந்து, அதை நிஜமாகவே உண்டாக்கி, படிகமாக்கிப் பார்த்தார்கள். வரைந்த வடிவமும் கிடைத்த வடிவமும் ஏறக்குறைய 1.2 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்துக்குள் பொருந்தின. இவ்வளவு பெரிய வேலைக்குப் பட்டியலில் ஆறே பேர். முதல் பெயர் பிரையன் குல்மன், அப்போது அங்கே போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தபின் பயிற்சியாக வேலை செய்யும் ஆய்வாளர். இரண்டாவது கௌதம் டான்டாஸ், அப்போது பிஎச்டி மாணவர். கடைசிப் பெயர் பேக்கர். நடுவில் இருக்கும் பேரி ஸ்டாடர்ட் யார் என்று தேடினால் அவர் பேக்கரின் ஆய்வகத்து ஆளே இல்லை, அதே ஊரில் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் புரதப் படிகங்களைப் படிப்பவர். கேப்ரியேல் வரானி, காந்தப்புலத்தை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறியும் என்எம்ஆர் முறையின் நிபுணர். ஆக, ஆறு பேரில் ஒரு பகுதி கணினி, ஒரு பகுதி சோதனை மேசை, ஒரு பகுதி வடிவத்தைக் கண்டறிவது. பேப்பரைப் படிக்கும் முன்பே அந்த வேலை எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் துறையில் பெயர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதலில் இருப்பவர் பெரும்பாலான வேலையைச் செய்தவர், கடைசியில் இருப்பவர் ஆய்வகத்தை நடத்துபவர், பணம் கொண்டுவந்தவர், திசை காட்டியவர். நடுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பகுதி செய்தவர்கள். இப்போதெல்லாம் முதல் இடத்தைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், பெயர்கள் பக்கத்தில் சின்னக் குறி போட்டு "சம பங்களிப்பு" என்று அடியில் எழுதியிருப்பார்கள். புதுப் புரத வடிவங்களை உருவாக்கும் ஆர்எஃப்டிஃப்யூஷன் மென்பொருளைப் பற்றி 2023இல் நேச்சர் இதழில் வந்த பேப்பர் அப்படித்தான். ஜோசப் வாட்சன், டேவிட் ஜூர்கென்ஸ் என்று தொடங்கும் பட்டியலில் பலருக்குச் சம பங்கு, அதில் சிலர் சியாட்டிலைச் சேர்ந்தவர்களே அல்ல. அந்தக் குறியைக் கவனிக்காமல் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி ஆட்களை விட்டுவிடுவீர்கள்.

இன்னொரு இடம் பேப்பரின் கடைசியில் இருக்கும் "ஆசிரியர் பங்களிப்புகள்" பத்தி. யார் யோசனை சொன்னார், யார் நிரல் எழுதினார், யார் புரதத்தைச் சுத்திகரித்தார், யார் நுண்ணோக்கியில் உட்கார்ந்தார் என்று பெயரின் முதலெழுத்துகளோடு எழுதியிருப்பார்கள். பல இதழ்கள் கிரெடிட் என்ற 14 வகைப் பிரிவு முறையைப் பயன்படுத்துகின்றன. ஒரு பேப்பரில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் மனிதர்கள் வெளிப்படையாகத் தெரியும் இடம் இது ஒன்றுதான். ஐந்து பேப்பரில் இந்தப் பத்தியை வாசித்து ஒரு தாளில் பெயரும் வேலையும் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாவது பேப்பருக்குள் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்க, நடுவில் அசையாமல் இருக்கும் அந்தப் பெயர்கள்தான் ஆய்வகத்தின் நிரந்தரக் கைகள்.

ஒரு புரதத்தின் பின்னாலேயே போங்கள்

பெயர்கள் கிடைத்துவிட்டன. அடுத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிய, ஒரு புரதம் யோசனையிலிருந்து முடிவு வரை போகும் பாதை தெரிய வேண்டும். இது தெரியாமல் "எனக்குப் புரத வடிவமைப்பில் ஆர்வம்" என்று எழுதினால், எந்தப் பகுதியில் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

இலக்கு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள், ஏதோ ஒரு வைரஸ் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் சின்னப் புரதம் வேண்டும். முதலில் கணினிக்காரர்கள். ஆர்எஃப்டிஃப்யூஷன் போன்ற கருவியில் முதுகெலும்பு வடிவத்தை உருவாக்குவார்கள், அதாவது அமினோ அமிலம் எது என்று இன்னும் முடிவாகாத வெறும் சங்கிலியின் வளைவு. பிறகு புரோட்டீன்எம்பிஎன்என், 2022இல் ஜஸ்டாஸ் டௌபாரஸ் முதல் ஆசிரியராக வந்தது, அந்த வளைவுக்கு எந்த சீக்குவென்ஸ், அதாவது எந்த அமினோ அமில வரிசை, பொருந்தும் என்று சொல்லும். அந்த சீக்குவென்ஸை ஆல்ஃபாஃபோல்டுக்குக் கொடுத்து, நாம் நினைத்த வடிவத்தையே அதுவும் சொல்கிறதா என்று சரிபார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் வரைந்து, வடிகட்டி, சிலதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இங்கே வேலை செய்பவர்களில் இயற்பியல், கணினி அறிவியல், கணிதம் படித்தவர்கள் நிறைய. இந்தக் கணக்குகளை ஓட்டும் ஜிபியு கிளஸ்டரை (வேகமான கணினிகளின் தொகுப்பு) ஓட்டிப் பராமரிக்கும் சிஸ்டம் ஆட்களும் இங்கேதான், அவர்கள் ஒருநாள் இல்லையென்றால் மொத்த ஆய்வகமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் மரபணுவை டிஎன்ஏ தயாரிக்கும் நிறுவனத்திடம் ஆர்டர் செய்வார்கள். வந்ததும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, வளர்த்து, ஐபிடிஜி என்ற தூண்டும் வேதிப்பொருளைப் போட்டு, புரதத்தை உண்டாக்கச் செய்வார்கள். பாக்டீரியாவை உடைத்து, நிக்கல் உள்ள வடிகட்டும் குழாயில் (column) ஓட்டி, புரதத்தின் முனையில் வைத்த ஹிஸ்டிடின் வால் ஒட்டிக்கொள்ள, மற்றதைக் கழுவி, பிறகு அளவு வாரியாகப் பிரிக்கும் இன்னொரு குழாயில் ஓட்டிப் பார்ப்பார்கள். வரைபடத்தில் ஒற்றை நேர்த்தியான சிகரம் வந்தால் சந்தோஷம். கொத்தாகத் திரண்டு முன்னாலேயே வெளியே வந்துவிட்டால் அந்த டிசைன் போச்சு. இந்தக் கட்டத்தில் டெக்னீஷியன்களும் ஆராய்ச்சி விஞ்ஞானிகளும்தான் ராஜா. 96 குழித் தட்டில் ஒரே நேரத்தில் வரிசையாக வேலை செய்யும் அவர்களின் கைப்பழக்கத்தை எந்த மென்பொருளும் தராது. கணினியில் பிரமாதமாகத் தெரிந்த புரதம் குழாயில் கரையவே கரையாது என்று முதலில் தெரிந்துகொள்பவர்களும் அவர்களே.

ஒட்டுகிறதா என்று அளப்பவர்கள் தனி. எஸ்பிஆர், பிஎல்ஐ போன்ற கருவிகளில் பிணைப்பின் வலிமையை அளப்பார்கள். ஆயிரக்கணக்கான டிசைன்களை ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டுமென்றால் ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் புரதத்தைக் காட்டவைத்து, ஒளிரும் செல்களைப் பிரித்தெடுத்து, சீக்குவென்ஸ் செய்து பார்ப்பார்கள். டேன் விட்ரப் குழு 1997இல் கொண்டுவந்த முறை இது. 2022 வாக்கில் சியாட்டிலில் இப்படிப்பட்ட ஒட்டும் புரதங்களுக்கு ஒரு இலக்குக்குப் பதினாயிரக்கணக்கில் டிசைன்களைச் சோதித்தார்கள். ஆர்எஃப்டிஃப்யூஷன் வந்தபின் நூறுக்கும் குறைவானவற்றைச் சோதித்தே நல்லவை கிடைக்கத் தொடங்கின. இந்த மாற்றம் உங்களுக்கு ஏன் முக்கியம்? எந்தக் கைகள் எத்தனை தேவை என்பதும் கூடவே மாறுகிறது. அதனால் ஐந்து வருடம் பழைய பேப்பரை வைத்துக்கொண்டு ஒரு ஆய்வகத்தில் என்ன மாதிரி ஆட்கள் தேவை என்று முடிவு கட்டாதீர்கள், கடைசி ஒன்றரை வருடத்துப் பேப்பர்களையும் பயோஆர்கைவ் இணையதளத்தில் இருக்கும் முன்பதிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியில் வடிவத்தைக் கண்ணால் பார்ப்பவர்கள். எக்ஸ்ரே படிகம், கிரையோ-ஈஎம் (உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது), என்எம்ஆர். இது பெரும்பாலும் பொது மையமாகவோ கூட்டாளி ஆய்வகமாகவோ இருக்கும். சியாட்டிலில் கொரோனா தடுப்பூசி வேலையைப் பாருங்கள். நீல் கிங்கின் குழு வடிவமைத்த நானோ துகளின் மேல் வைரஸ் ஸ்பைக்கின் ஒட்டும் பகுதியை 60 பிரதிகளாக வைத்தார்கள், டேவிட் வீஸ்லரின் ஆய்வகம் வைரஸ் பக்கத்தையும் கிரையோ-ஈஎம் பக்கத்தையும் பார்த்தது, தென்கொரியாவின் எஸ்கே பயோசயன்ஸ் அதை மருந்தாக வளர்த்தெடுத்தது, 2022 ஜூனில் ஸ்கைகோவியோன் என்ற பெயரில் கொரியாவில் அனுமதி கிடைத்தது. கணினியில் வடிவமைத்த புரதம் ஒன்று மனிதர்களுக்கான மருந்தானது. அந்த நானோ துகளின் மூல வடிவம் 2016இல் ஜேக்கப் பேல் முதல் ஆசிரியராக வந்த கட்டுரையில் இருக்கிறது, அப்போது தடுப்பூசி யார் மனதிலும் முதல் இலக்காக இருந்திருக்காது. ஒரு பொருளின் பின்னால் எத்தனை பேர், எத்தனை ஊர், எத்தனை வருடம் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் வராதவர்களைத் தேடுங்கள்

நன்றியுரைப் பத்தியைத் தவறாமல் படியுங்கள். லேப் மேனேஜர், கருவி மையத்தின் பொறுப்பாளர், கணினி கிளஸ்டர் ஆட்கள், கிராண்ட் கணக்குப் பார்ப்பவர், எந்த அறக்கட்டளை பணம் தந்தது எல்லாம் அங்கே இருக்கும். லேப் மேனேஜர் என்பவர் வெறும் சாமான் வாங்குபவர் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வருபவருக்கு மேசை, சாவி, பாதுகாப்புப் பயிற்சி, எந்த ஃபிரிட்ஜில் எது, யாரிடம் எதைக் கேட்கலாம் என்று எல்லாம் அவர் கையில்தான். விசா காகிதங்களைப் பல்கலைக்கழக அலுவலகத்தோடு முடித்துக்கொடுக்கும் நிர்வாக ஊழியர் இன்னொருவர். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் பேராசிரியரைவிட இந்த இருவரின் உதவிதான் அதிகம் தேவைப்படும்.

இன்னொரு கூட்டம் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. 2008இல் வந்த ஃபோல்டிட் கணினி விளையாட்டில் சாதாரண மக்கள் புரதத்தை மடித்து விளையாடினார்கள். 2011இல் குரங்கு வைரஸ் ஒன்றின் புரோட்டியேஸ் என்சைமின் வடிவத்தை, பத்து வருடத்துக்கும் மேல் யாராலும் தீர்க்க முடியாமல் கிடந்ததை, அந்த விளையாட்டுக்காரர்களின் மாதிரியை வைத்துத்தான் தீர்த்தார்கள். அந்தப் பேப்பரின் ஆசிரியர் பட்டியலில் விளையாட்டுக் குழுக்களின் பெயரும் இருக்கிறது, போலந்தின் போஸ்னானில் இருக்கும் படிக ஆய்வாளர் மரியூஸ் யஸ்கோல்ஸ்கியின் பெயரும் இருக்கிறது. சர்வதேச ஆய்வகம் என்பது ஒரே கட்டடத்துக்குள் பல நாட்டுக்காரர்கள் இருப்பது மட்டும் அல்ல.

கிளைகளைப் பிடியுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், நிதானமாகப் படியுங்கள். பெரிய ஆய்வகத்தில் இருந்து போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடுங்கள். பிரையன் குல்மன் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில். கௌதம் டான்டாஸ் செயின்ட் லூயிஸில், பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பைப் பற்றி வேலை செய்கிறார், வடிவமைப்பிலிருந்து ரொம்ப தூரம் போய்விட்டார். டான்யா கோர்ட்டெம் சான் ஃபிரான்சிஸ்கோவில். ஜெஃப் கிரே ஜான்ஸ் ஹாப்கின்ஸில். சாரெல் ஃபிளெய்ஷ்மேன் இஸ்ரேலின் வைஸ்மேனில். இங்கெமார் ஆந்த்ரே ஸ்வீடனின் லுண்டில். ஜென்ஸ் மைலர் வான்டர்பில்ட், லைப்சிக் இரண்டிலும். போசு ஹுவாங் ஸ்டான்ஃபோர்டில். பேக்கர் குழு உருவாக்கிய வடிவக் கணிப்பு மென்பொருளான ரோசெட்டாஃபோல்டின் பேப்பரில் முதல் ஆசிரியர் மின்கியுங் பெக் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில். லாங்ஷிங் காவ் சீனாவின் ஹாங்ஜோவில் வெஸ்ட்லேக்கில்.

இவர்களில் பலர் ரோசெட்டா காமன்ஸ் என்ற கூட்டமைப்பில் ரோசெட்டா என்ற ஒரே புரத வடிவமைப்பு மென்பொருளைச் சேர்ந்து வளர்க்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் லெவன்வொர்த் என்ற சிறு ஊரில் கூடிப் பேசும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. ஆக நீங்கள் லுண்டில் சேர்ந்தாலும் சியாட்டிலின் அறிவு உங்களை எட்டும்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், புதிதாக ஆய்வகம் தொடங்கியவருக்கு ஆள் தேவை, நேரமும் இருக்கும். மெயிலை அவரே படிப்பார். பெரிய ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை தலைவரோடு பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம் என்ற நிலையில், சின்ன ஆய்வகத்தில் அவரே பக்கத்தில் நின்று ஜெல் ஓட்டக் கற்றுக்கொடுப்பார். பெரிய பேர் வேண்டுமா நெருக்கமான பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், பிஎச்டிக்கு நெருக்கமான பயிற்சி, போஸ்ட்டாக்குக்குப் பெரிய ஆய்வகம் என்பதே என் அபிப்பிராயம். பிஎச்டி முடித்து வருபவருக்கு யாரும் கைப்பிடிக்கத் தேவையில்லை, பல திறமைசாலிகளுக்கு நடுவில் இருப்பதே அவருக்குப் போதும். பேக்கர் தன் ஆய்வகத்தைக் கூட்டு மூளை என்று சொல்வது வழக்கம், எல்லோரும் எல்லோரோடும் பேசி யோசனையைப் பகிரும் ஏற்பாடு அது. தானாக எழுந்து போய்ப் பேசுகிறவருக்கு அது சொர்க்கம், கூப்பிட்டால்தான் போவேன் என்று இருப்பவருக்குக் கஷ்டம். உங்கள் சுபாவம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆட்களின் பழைய படிப்பையும் பாருங்கள், தைரியம் வரும். பேக்கர் பிஎச்டி செய்தது பெர்க்லியில் ராண்டி ஷெக்மனிடம், ஈஸ்ட் செல்லுக்குள் புரதம் எப்படிப் போக்குவரத்தாகிறது என்று. கணினி வடிவமைப்பு பிறகுதான். கால்டெக்கின் ஃபிரான்செஸ் ஆர்னால்ட், என்சைம்களை ஆய்வகத்திலேயே பரிணமிக்க வைத்ததற்காக 2018இல் நோபல் பெற்றவர், முதல் பட்டம் வாங்கியது இயந்திர, விண்வெளிப் பொறியியலில். மெக்கானிக்கல் படித்துவிட்டோமே, இனி உயிரியல் பக்கம் போக முடியுமா என்று யோசிப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

எழுதும் முன் கையில் ஏதாவது இருக்கட்டும்

சரி, யாருக்கு எழுதுவது என்று தெரிந்துவிட்டது. ஆனால் வெறும் கையோடு எழுதாதீர்கள். முன்பெல்லாம் பெரிய ஆய்வகத்தில் இருந்தால்தான் கிடைத்த கருவிகள் இன்று இலவசம். ஆர்எஃப்டிஃப்யூஷன், புரோட்டீன்எம்பிஎன்என் இரண்டின் நிரலும் திறந்தே கிடக்கின்றன. கொலாப்ஃபோல்டில் சொந்தமாக ஜிபியு இல்லாமலே உலாவியில் புரத வடிவத்தைக் கணிக்கலாம். பிடிபி என்ற புரத வடிவத் தரவுத்தளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கின்றன. ஒரு சின்னப் புரதத்தை எடுத்து, அதை மாற்றி வடிவமைத்து, என்ன நினைத்தீர்கள், என்ன வந்தது, எங்கே சொதப்பியது என்று இரண்டு பக்கம் எழுதி, நிரலோடு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட இது பேசும்.

அடிப்படையையும் விடாதீர்கள். நீங்கள் வரையும் ஒவ்வொரு புரதத்தின் முதுகெலும்புக் கோணங்களும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்கும் வரைபடம் ராமச்சந்திரன் பிளாட். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1963இல் வெளியிட்டது. சியாட்டிலில் உட்கார்ந்திருப்பவரும் இன்றைக்கும் அதைத் திறந்துதான் பார்க்கிறார். அதை மனப்பாடமாக இல்லாமல், ஏன் சில இடங்கள் தடைசெய்யப்பட்டவை, கிளைசின் மட்டும் ஏன் எங்கும் போகிறது என்று புரிந்து படித்திருந்தால் பேட்டியில் உடனே தெரிந்துவிடும். அதேபோல், ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் புரதத்தின் வெப்ப உறுதி எவ்வளவு மாறும் என்ற சோதனைத் தரவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரோதெர்ம்டிபி ஐஐடி மெட்ராஸில் மைக்கேல் குரோமிகாவின் குழு பராமரிப்பது. வெளிநாட்டுக்குப் போகும் முன் ஒரு கோடை விடுமுறையை இப்படிப்பட்ட நம்மூர் ஆய்வகத்தில் கழிக்க முடிந்தால் கழியுங்கள்.

மெயில்

தலைவருக்கு எழுதுவதற்கு முன், உங்களுக்குப் பிடித்த பேப்பரின் முதல் ஆசிரியருக்கு எழுதுங்கள். அவர் போஸ்ட்டாக்கோ மாணவரோ, நாலு வருடம் முன்பு உங்கள் இடத்தில் இருந்தவர், பதில் வர வாய்ப்பு அதிகம். வேலை கேட்காதீர்கள். பேப்பரில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள்: இந்த டிசைன்களில் எத்தனை கரையாமல் போயின, அதற்குக் காரணம் என்று எதை நினைக்கிறீர்கள், நான் இதை முயன்று பார்த்தேன், இப்படி வந்தது. அவ்வளவுதான்.

தலைவருக்கு எழுதும்போது ஒரு திரைக்குள் அடங்கும் மெயில். நான் யார், உங்கள் ஆய்வகத்தின் எந்த வேலை, அதில் நான் என்ன செய்திருக்கிறேன், எப்போது எந்த வழியில் வர நினைக்கிறேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது திறக்காமலே போகும், பெண் பேராசிரியருக்கு "சார்" என்று போனால் இன்னும் மோசம். டாக்டர் அல்லது புரொஃபசர் போட்டுக் குடும்பப் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள். சேர்ந்த பிறகு அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லோரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நமக்குக் கொஞ்ச நாள் நாக்கு கூசும், பழகிவிடும். கொரியாவிலும் ஜப்பானிலும் அப்படி அல்ல, அங்கே நம் ஊர் மாதிரியே மரியாதைச் சொல்லோடுதான். ஜெர்மனியில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், அவர்கள் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.

பேச்சு வந்தால் நீங்களும் கேளுங்கள்

பேட்டி என்றால் பதில் சொல்வது மட்டும் என்று நாம் பழகிவிட்டோம். அங்கே நீங்கள் கேள்வி கேட்பதை எதிர்பார்க்கிறார்கள். முக்கியமாக மாணவர்களோடும் போஸ்ட்டாக்குகளோடும், தலைவர் இல்லாமல், தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

என்ன கேட்பது? பெயர் வரிசை எப்போது, யார் முடிவு செய்கிறார். போனவர்கள் சராசரியாக எத்தனை வருடத்தில் போனார்கள், எங்கே போனார்கள், பாதியில் விட்டவர்கள் உண்டா. கணினியில் டிசைன் செய்பவரே சோதனையும் செய்வாரா, வேறொருவர் செய்வாரா. கருவி நேரம் எப்படிக் கிடைக்கும். ஃபெலோஷிப் முடிந்தால் சம்பளத்துக்கு என்ன வழி. தீபாவளிக்கோ, வீட்டில் ஏதாவது என்றாலோ ஊருக்குப் போய்வர விடுப்பு எப்படி.

குறிப்பேட்டைப் பற்றியும் கேளுங்கள்: சோதனைக் குறிப்புகள் எங்கே இருக்கின்றன, யார் பார்க்கிறார்கள், மூலத் தரவை எங்கே சேமிக்கிறார்கள். இது சம்பிரதாயக் கேள்வி அல்ல. ஃபிரான்செஸ் ஆர்னால்டின் ஆய்வகம் 2019இல் சயன்ஸில் வெளியிட்ட ஒரு கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றது. சோதனையை மறுபடி செய்தபோது முடிவு வரவில்லை, குறிப்பேட்டில் முக்கியமான இடங்களில் பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. அவரே பொதுவெளியில் அதை அறிவித்து, அந்தச் சமயத்தில் தான் வேலைப்பளுவில் இருந்ததாகவும் தன் பங்கைச் சரியாகச் செய்யவில்லை என்றும் சொன்னார். நோபல் வாங்கிய மறு வருடத்துக் கட்டுரை அது. அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். எவ்வளவு பெரிய ஆய்வகத்திலும் முடிவை நம்பவைப்பது மேசையில் நிற்கும் ஒருவர் அன்றன்றைக்கு எழுதிவைக்கும் குறிப்புதான், அதைப் பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

காலக்கணக்கு

அமெரிக்காவில் பிஎச்டிக்குப் பேராசிரியர் நேராகச் சேர்க்க முடியாது, துறை வழியாகத்தான். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும், உயிரியல் சார்ந்த துறைகளில் பெரும்பாலும் சேர்ந்த முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் ரொட்டேஷன் (ஒவ்வொன்றிலும் சில காலம் வேலை) செய்துவிட்டுத்தான் கைடு முடிவாகும். அதனால் ஒரே ஒருவரை நம்பி ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள், குறைந்தது மூன்று பேர் உங்களுக்குப் பிடித்தவர்களாக அங்கே இருக்க வேண்டும். ஜெர்மனியில் பல இடங்களில் நேராகப் பேராசிரியரின் அறிவிப்புக்கு விண்ணப்பிக்கலாம், அது சம்பள வேலை மாதிரி. போஸ்ட்டாக்குக்கு ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் கெடு வழக்கமாக செப்டம்பரில், பிஎச்டிக்குப் பிறகு 8 வருட ஆராய்ச்சி அனுபவத்துக்குள் இருக்க வேண்டும், போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அந்தத் திட்டத்தை ஆய்வகத் தலைவரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும், எனவே ஏப்ரல், மே மாதத்திலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். ஆகஸ்டில் எழுதினால் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.